ஓடைக்கு அப்பால் கேட்ட குலவை

1956 நவம்பர் 7, புதன்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். ஐந்து நாற்பதுக்குக் கடுங்காப்பி. ஆறு மணிக்கு மழை அளக்கும் குடுவையைப் பார்த்து எழுதிவிட்டுக் குடுவையைக் கவிழ்த்துக் காலி செய்தேன். ஆறேகாலுக்கு முதல் மணி. ஆறரைக்கு இரண்டாம் மணி. உடனே பெரட்டு. அந்த வருடத்து நாட்குறிப்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் நேரங்களைத் தடுமாறாமல் சொல்ல முடிகிறது.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. போடிநாயக்கனூரிலிருந்து மலைச்சாலையில் ஏறி, வழியில் பிரிகிற கழுதைப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால் வரும் ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். காய் எடுக்கும் காலத்தில் சிலமலை, தேவாரம் பக்கத்துப் பெண்கள் வந்து லயத்து வீடுகளில் தங்கி வேலை செய்வார்கள். அவர்களைக் காலையில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. மணி என்று நான் சொன்னது மரக்கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டு.

இரண்டாம் மணிக்குப் பிறகு யார் வந்தாலும், அவர் பெயரின் மேல் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். அன்று அவருக்கு வேலை கிடையாது. லயத்துக்குத் திரும்பிப் போய்விட வேண்டும். ஏன் தாமதம் என்று கேட்பதில்லை. ஒருத்திக்குக் கேட்டால் எல்லோருக்கும் கேட்க வேண்டும், பிறகு ஒழுங்கு நிற்காது என்பது என் எண்ணம். மேனேஜர் அந்த ஏட்டை வெளியாட்களிடம் எடுத்துக் காட்டுவார். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அன்று மூன்று பெயர்களுக்குக் கோடு விழுந்தது. மூன்றாவதாக ஓடி வந்தவள் இருபத்தைந்து வயதுப் பெண். மழைக்காகச் சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டிருந்தாள். "பிள்ளைக்குக் காய்ச்சலுங்கய்யா, கசாயம் குடுத்துட்டு..." என்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். நான் ஏட்டை மூடிவிட்டேன். மற்ற நாற்பத்தொரு பேரும் ஓடையின் மேல் கிடந்த மரப்பாலத்தைத் தாண்டி மேல்காட்டுக்குப் போனார்கள்.

பதினோரு மணிக்கு மழை வலுத்தது. ஐப்பசி மழை புதிதல்ல. மழைக்காகக் காய் எடுப்பது நிற்பதும் இல்லை. மேனேஜர் முந்தின நாளே போடிக்கு இறங்கியிருந்தார். நான் ஆபீஸில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு இருபதுக்கு, தொப்பலாக நனைந்த ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் மூன்று போலீஸ்காரர்களும் கழுதைப் பாதையில் ஏறி வந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டருக்கு ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு. ஆபீஸ் படியில் உட்கார்ந்து, கணுக்காலில் ஏறியிருந்த அட்டைகளை முகம் சுளித்தபடி ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். பாம்பைக்கூடப் பிடித்துவிடுவாராம், அட்டை மட்டும் ஆகாதாம். ஒரு போலீஸ்காரர் என்னிடம் மெல்லச் சொல்லிச் சிரித்தார்.

"மேல எத்தனை பேரு நிக்கிறாங்க?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"நாற்பத்தொரு பேருங்க."

"மணிய அடிச்சு எறக்குங்க. இப்பவே."

நான் தயங்கினேன். நாலு மணிக்கு முன்னால் மணி அடிக்க மேனேஜர் உத்தரவு வேண்டும். அதைச் சொன்னேன்.

"ஓடையப் பாத்தீங்களா?" என்றார். குரல் உயரவே இல்லை. "தண்ணி செவப்பா வருது. ஏலத்தட்டை வேரோட வருது. மேல எங்கியோ கரை சரிஞ்சிருக்கு. கீழ ரோட்டுலயும் ரெண்டு எடத்துல சரிஞ்சு, காலையில இருந்து பஸ்ஸத் திருப்பி விட்டுக்கிட்டு இருக்கேன். இந்த ஓடைக்கு அந்தப் பக்கம் ஆளுக வேலை செய்றாங்கன்னு, உங்க மூட்டை ஏத்துற கழுதைக்காரரு சொன்னாரு. அதான் ஏறி வந்தேன்."

"மேனேஜர் கேட்டாருன்னா..."

"எம் பேர எழுதிக்கிடுங்க. ஒண்ணும் ஆகலைன்னா, வேலையக் கெடுத்தவன் நாந்தான்னு சொல்லுங்க."

என் மேசைமேல் இருந்த பென்சிலை எடுத்து, என் நாட்குறிப்பிலேயே நேரம் போட்டுக் கையெழுத்தும் போட்டார். 12.34. அதற்குப் பிறகுதான் நான் மணி அடிக்கப் போனேன். அந்தப் பதினான்கு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். உள்ளே நிற்பவர் ஒருவருக்கொருவர் தெரியாது. அகாலத்தில் மணி கேட்டதும் பெண்கள் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டு அங்கொருவர் இங்கொருவராக இறங்கி வந்தார்கள். கடைசி ஆள் பாலம் தாண்டியபோது மணி ஒன்று இருபத்தைந்து. ஒன்று நாற்பதுக்கு, நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே, பாலத்து மரம் ஒன்று செங்குத்தாக எழுந்து நின்று, சுழன்று, தண்ணீரோடு போயிற்று.

நான் காய் உலர்த்தும் ஸ்டோர் முற்றத்தில் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. "நாற்பத்தொண்ணும் சரியா இருக்குங்க" என்று ஏட்டைச் சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன்.

அவர் ஈர விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டே வந்தார். விரல் நின்றது.

"இந்தச் செவப்புக் கோடு என்னது?"

சொன்னேன்.

"அப்ப இந்த மூணு பேரு?"

"லயத்துல இருப்பாங்க."

"இருப்பாங்களா, இருக்காங்களா?"

ஒரு போலீஸ்காரர் லயத்துக்கு ஓடினார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். இரண்டு பேர் வீட்டில் இருந்தார்கள். மூன்றாவது வீட்டில் யாரும் இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளை பக்கத்து வீட்டுக்காரி மடியில் தூங்குகிறதாம். அதன் தாய் காலையில் வேலைக்கென்று போனவள், திரும்பவே இல்லையாம்.

"இந்தப் பொண்ணு எங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் பெண்களைப் பார்த்துக் கேட்டார். நானும் முன்னால் வந்து கொஞ்சம் அதட்டியே கேட்டேன். நாற்பத்தொரு பேரும் தரையைப் பார்த்தார்கள். காணாமல் போனவளின் நாத்தனார் மட்டும் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கணக்குப்பிள்ளை, நீங்க கொஞ்சம் ஸ்டோருக்குப் பின்னாடி போயி நில்லுங்க. கூப்பிடுறப்ப வாங்க."

போய் நின்றேன். தகரக் கூரைத் தண்ணீர் தோளில் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் என்னை விலகி நிற்கச் சொன்னது முதலில் கோபமாக வந்தது. சுவரோரமாக எட்டிப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சேற்றில் குத்துக்காலிட்டு அந்த நாத்தனார் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் அழுதுகொண்டே பேசியது எனக்கும் கேட்டது.

"எங்கூடத்தான் வந்தா எசமான். மேல்காட்டுக் கடேசில காய் எடுத்தா. எடுத்ததை எங் கூடையில போட்டு, சாயந்தரம் கூலிய ரெண்டு பேரும் பகுந்துக்கிடுவோம். மணி அடிச்சதும் கூப்பிட்டேன். சத்தமில்ல. புள்ளையப் பாக்க முன்னாடியே எறங்கிட்டான்னு நெனச்சேன். வெளியில சொன்னா கணக்குப்பிள்ளை ஐயா எம் பேரையும் அடிச்சுப்புடுவாரேன்னு..."

கோடு விழுந்தவர்களில் பாதிப்பேர் லயத்துக்குப் போவதில்லை. சொந்தக்காரி, சிநேகிதி யாருடனாவது சேர்ந்துகொண்டு, நான் ஆபீஸுக்குள் போனதும் பாலத்தைத் தாண்டிவிடுவார்கள். காய் மற்றவள் கூடையில் நிறை போடப்படும். வெகு நாளாக நடக்கிறதாம். மேல்காட்டில் வேலை வாங்கும் கங்காணிக்குத் தெரியும், ஸ்டோர் ஆட்களுக்குத் தெரியும், கழுதைக்காரருக்கும் தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான்.

அவர் என்னைக் கூப்பிட்டபோது முற்றத்தில் வேறொரு கலவரம். காணாமல் போனவளின் அண்ணன் எங்கள் ஸ்டோரில் காய் உலர்த்துகிறவர். செய்தி கேட்டு ஓடைக்குள் இறங்கப் பாய்ந்தவரை இரண்டு போலீஸ்காரர்கள் இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

"விடுங்கய்யா, எந்தங்கச்சிய்யா!"

"ஏப்பா, அவ ஒருத்தியத் தேடுறோம். ஒன்னையும் சேத்துத் தேட வச்சுறாத" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ஸ்டோர்ல எத்தனை வடக்கயிறு இருக்கு? அம்புட்டையும் கொண்டா. ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்துக் கொண்டா."

அந்த மனிதர் ஒரு கணம் நின்றார். பிறகு கயிறு எடுக்க ஓடினார். அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

இரண்டேகாலுக்கு விசில் ஊதினார்கள். மூன்று தடவை ஊதிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பது; மறுபடி மூன்று தடவை. தண்ணீர் இரைச்சலைத் தவிர எதிர்ப்பக்கம் ஒன்றும் இல்லை. அண்ணன்காரர் முகம் வெளுத்துப்போயிற்று. நான்காவது முறை ஊதப் போனபோது, எங்கள் தோட்டத்திலேயே வாய்த்துடுக்குக்குப் பேர்போன ஒரு பெண் முன்னால் வந்தாள்.

"ஏன் எசமான், போலீசு விசிலக் கேட்டா எவ வருவா? பேரு அடிபட்டவ, மடியில காயோட நிக்கிறா. களவாணின்னு பிடிக்க வந்துட்டாகன்னு பொதருக்குள்ள போயி ஒளிஞ்சுல்ல கிடப்பா! நீங்க ஊத ஊத அவ உள்ளதான் போவா."

அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"என் தப்புத்தான் ஆத்தா. அப்ப எப்பிடிக் கூப்பிடுறது?"

"எங்க கூப்பாட்டத்தான் கூப்பிடணும்" என்று சொல்லி, கொங்காணியை உதறிப் போட்டுவிட்டு, வாயைக் குவித்துக் குலவை இட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குலவை என்பது கோயில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் இடுவது. அன்று அதை அழுதுகொண்டே இட்டவர்களைப் பார்த்தேன். நாற்பத்தொரு பேர் குலவை தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாக எழுந்து எதிர்ச் சரிவில் போய் மோதியது. நிறுத்திக் கேட்டோம். ஒன்றும் இல்லை. மறுபடி இட்டார்கள்.

மூன்றாம் முறை நிறுத்தியபோது, ஓடைக்கு அந்தப் பக்கம், எங்கோ உயரத்திலிருந்து, மெல்லிசாக ஒரே ஒரு குலவை கேட்டது.

நாத்தனார் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நேரம் 2.32.

"ஆளு இருக்கு" என்றார் அவர். "இனிமே நமக்கு அவசரம் இல்ல. தண்ணிக்குத்தான் காத்திருக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கணக்குப்பிள்ளை, உங்க கடிகாரமும் கையெழுத்தும் இப்ப வேணும்."

கரையோரம் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கச் சொன்னார். ஒரு முழம் இறங்கினால்தான் ஆள் இறங்கலாம் என்பது அவர் முடிவு. அதற்குள் அவர் சும்மா இருக்கவில்லை. ஓடைக்கரையை ஒட்டிய நான்கு லயத்து வீடுகளைக் காலி செய்து எல்லோரையும் ஸ்டோருக்குள் அனுப்பினார். காய்ச்சல்காரப் பிள்ளையை உலர்த்தும் அறையின் சூட்டுக்குப் பக்கத்தில் கிடத்தச் சொன்னார். கால் மணிக்கு ஒருமுறை பெண்கள் குலவை இட வேண்டும். "அவ தனியா இருக்கோம்னு நெனச்சுறக் கூடாது" என்றார். ஒவ்வொரு முறையும் பதில் குலவை வந்தது. அதையும் எழுதி வைத்தேன். 2.45. 3.00. 3.15. மூன்றரைக்கு மட்டும் பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது; அதற்குள் எங்கள் உயிர் போய்விட்டது.

மழை மூன்று மணிக்கே வெறித்துவிட்டது. ஆனால் தண்ணீர் அப்படியே நின்றது. மூன்று நாற்பதுக்கு அண்ணன்காரர் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"இப்ப எறங்கலாம்யா. நா வருசக் கணக்காப் பாக்குற ஓடை."

"கணக்குப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்றார் அவர்.

குச்சியைக் குனிந்து பார்த்தேன். "கொறையலைங்க. அதே எடத்துலதான் நிக்குது."

"கேட்டியா? நில்லு."

அந்த அண்ணன் என்னை முறைத்த முறைப்பு எனக்கு மறக்காது. ஆனால் அவர் நின்றார்.

நான்கு ஐந்துக்கு நாலு விரற்கடை இறங்கியது. நான்கு இருபத்தைந்துக்கு ஒரு சாண். நான்கு ஐம்பதுக்கு முழங்கையை வைத்து நானே அளந்தேன். "ஒரு முழம்!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் அப்படிக் கத்தியதில்லை.

"இப்ப போ" என்று அவர் அண்ணன்காரரைத் தட்டிக் கொடுத்தார். "ஓங் காலுக்குத்தான் இந்தக் கல்லு தெரியும்." நெட்டையான ஒரு போலீஸ்காரர் அவருக்குப் பின்னால் போனார். கயிற்றின் இந்த நுனியை மரத்தில் சுற்றி, அதைத் தன் இடுப்பிலும் சுற்றிக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர் நின்றார். அட்டைகள் மறுபடி அவர் காலில் ஏறிக்கொண்டிருந்தன. அவர் குனியவில்லை.

ஐந்து பன்னிரண்டுக்கு அண்ணன் முதுகில் அவளைச் சுமந்து கரையேறினார். மணிச் சத்தம் கேட்டு ஓடி வரும்போது கால் பிசகியிருக்கிறது. நொண்டி நொண்டி வருவதற்குள் பாலம் போய்விட்டது. அதன் பிறகு கேட்டது விசில். பாறை இடுக்கில் போய்ப் பதுங்கிவிட்டாள்.

"விசிலக் கேட்டு ஒளிஞ்சியாடி?" என்றாள் வாய்த்துடுக்குக்காரி.

"ஆமா மதினி." பல் தந்தி அடித்தது.

"நாஞ் சொன்னேனா இல்லையா எசமான்!"

எல்லோரும் சிரித்தார்கள், அழுதார்கள். போர்வை கொண்டு வந்தார்கள். போர்த்தும் முன் அவள் கண் என்னைத் தேடிப் பிடித்தது. இடுப்பு மடியை அவிழ்த்து, அதில் இருந்த பச்சைக் காயை இரண்டு கையிலும் அள்ளி என்னிடம் நீட்டினாள்.

"ஐயா, இது எங்க நாத்தனா கூடையில சேர வேண்டியது. நா களவாங்கலைங்க. எம் பேர அடிச்சது அடிச்சதா இருக்கட்டும். அவுக பேர மட்டும் அடிச்சுறாதீங்க."

எனக்குக் கை எழவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் கை இறங்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் என் காதருகில் வந்து சொன்னார்: "வாங்கிக்கிடுங்க. நீங்க வாங்காட்டி அந்தப் பிள்ளை நம்பாது."

வாங்கிக்கொண்டேன். ஓடைத் தண்ணீரில் நனைந்த காய்; ஆனால் அவள் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது. அவளை உள்ளே கொண்டுபோய்ப் பிள்ளையின் பக்கத்தில் படுக்க வைத்தார்கள்.

கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு இருந்த அவரிடம் போய், "நான் வேணும்னு ஒண்ணும்..." என்று தொடங்கினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் விசில் ஊதுனேன். நீங்க கோடு போட்டீங்க. ரெண்டு பேருக்கும் பயந்து அந்தப் பிள்ளை மழையில கெடந்துச்சு. நான் அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்." அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. "கடிவாயில வைக்கக் கொஞ்சம் பொகையில இருந்தாக் குடுங்க. இந்தச் சனியன் புடிச்ச அட்டை..." என்றபடி படியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். காப்பி குடிக்கவில்லை, மழைக் குடுவை பக்கம் போகவில்லை. முதல் வேலையாக ஸ்டோருக்குப் போனேன். பெண்கள் படுத்திருந்த பக்கம் அதற்கு முன் நான் போனதே இல்லை. அவள் விழித்திருந்தாள். என்னைக் கண்டதும் பிசகிய காலோடு எழுந்து நிற்கப் பார்த்தாள். இருக்கச் சொல்லிவிட்டு, எட்டத்திலேயே தரையில் உட்கார்ந்து, "பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். அதில் என்ன சூது இருக்குமோ என்று அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையின் நெற்றியில் கை வைத்து, "விட்டுருச்சுங்கய்யா" என்றாள். நேற்று காலையில் கேட்டிருக்க வேண்டியது என்று சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் எத்தனையோ ஏடுகள் எழுதிவிட்டேன். இன்றைக்கும் ஆட்களை எண்ணி முடித்த பிறகு, என்னிடம் சொல்லப் பயந்து யாராவது தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா என்று முகம் முகமாக ஒரு தடவை பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.